‘ஏதாவது உதவி வேண்டுமா?’ என்று கேட்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஓராண்டாகச் சாரணர் குழுவில் இருக்கிறான். அடுத்த மூன்று மாத நிகழ்ச்சி அட்டவணையைச் சாரண ஆசிரியர் அனுப்பியிருக்கிறார். ஒரு நாள் நடைப்பயணம், இரண்டு இரவு முகாம், நீர்க்கரைத் துப்புரவு, புதியவர்களின் உறுதிமொழி விழா என்று நான்கு நிகழ்ச்சிகள். அடியில், ‘பெற்றோர் தன்னார்வலர்களாக முன்வர வேண்டும்’ என்று ஒரு வரி. நான் வேலைக்குப் போகிறவள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் விடுமுறை. சாரணர் பயிற்சி எதுவும் எனக்கு இல்லை. ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாது. நான் எதற்குப் பெயர் கொடுக்கலாம்? ஒப்புக்கொண்டுவிட்டுப் பாதியில் கைவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. முகாமுக்கு நான் வந்து நின்றால் மகன் கூச்சப்படுவானோ?

பதில்: முடிச்சுப் போடத் தெரியாது என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். பெயர் கொடுக்கத் தயங்கிய பெற்றோர் பலர் என்னிடம் முதலில் சொன்னதும் இதையேதான். முப்பது ஆண்டுகள் சாரண ஆசிரியராக இருந்துவிட்டேன். முடிச்சுப் போட ஆளில்லாமல் எந்த நிகழ்ச்சியும் நின்றதில்லை. அதைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். முகாம் முடிந்து திரும்பிய மறுநாள், ஈரக் கூடாரங்களை விரித்துக் காயவைக்கத்தான் ஆள் தேடி அலைந்திருக்கிறேன்.

சாரண ஆசிரியரிடம் போய் ‘ஏதாவது உதவி வேண்டுமா?’ என்று கேட்காதீர்கள். நல்ல மனதோடு கேட்கிற கேள்விதான். ஆனால் உங்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கிற வேலையும் அவர் தலையில் விழுகிறது. ‘சொல்கிறேன்’ என்பார், மறந்துவிடுவார். கேட்டுவிட்டோமே என்ற நிம்மதியில் நீங்களும் இருந்துவிடுவீர்கள். அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு, தொடக்கமும் முடிவும் தெரிந்த ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘நடைப்பயணத்தில் கடைசி ஆளாக நான் வருகிறேன்’, ‘முகாமுக்கான மருத்துவப் படிவங்களை நான் வாங்கித் தொகுத்துத் தருகிறேன்’ என்பதுபோல.

உங்கள் நிலையில் நான் இருந்தால் நடைப்பயணத்தை எடுத்துக்கொள்வேன். ஒரே சனிக்கிழமை, காலையில் தொடங்கி மாலையில் முடிந்துவிடும். வரிசையின் கடைசியில் நடப்பவருக்கு வரைபடம் பார்க்கத் தெரிய வேண்டியதில்லை. வழி என்பது முன்னால் போகிறவர் பாடு. தனக்குப் பின்னால் ஒரு பிள்ளையும் இல்லை என்பது மட்டும் கடைசி ஆளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஷூ நாடா அவிழ்ந்தவன், தண்ணீர் தீர்ந்தவன், கால் எரிகிறது என்று சொல்ல வெட்கப்படுகிறவன் எல்லோரும் மெல்ல மெல்ல வரிசையின் வாலுக்குத்தான் வந்து சேர்வார்கள். கொப்புளம் எழும்புவதற்கு முன் அந்த இடம் சிவந்து சூடாக இருக்கும். அப்போதே உட்காரவைத்து, காலுறையைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் மீதித் தூரத்தையும் நடந்துவிடுவான். ‘அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால், அவன் பையை நீங்கள் சுமக்க வேண்டியிருக்கும். சில சமயம் அவனையும்.

கிளம்பும்போது, ஒவ்வொரு நிறுத்தத்திலும், சாலையைக் கடந்த பிறகும் தலைகளை எண்ணுங்கள். விரல் நீட்டி, வாய்விட்டு எண்ணுங்கள். ‘எல்லோரும் வந்துவிட்டீர்களா?’ என்று கேட்பதில் பயனில்லை. வராதவன் அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.

எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற கணக்கிலும் கொஞ்சம் சந்தேகத்தோடு இருங்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள். இன்றைய அளவைகளில் ஏறக்குறைய, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இரண்டரை மணி நேரம் வரும். அது நன்றாக நடக்கக்கூடிய பெரியவர்கள் நிற்காமல் நடந்தால். பிள்ளைகளோடு போகும்போது நான் அதை ஒன்றரை மடங்காக்கி, சாப்பாட்டு நேரத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்வேன். அதாவது, இந்தப் பாதைக்கு நான்கரை மணி நேரத்துக்குக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டில் காத்திருக்கும் பெற்றோருக்கும் அந்த நேரத்தையே சொல்ல வேண்டும். வழியில் இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். ஒற்றை மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை நடையைத் தொடரவும் கூடாது. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

முகாமுக்கு வருவோம். இரண்டு இரவும் தங்கினால்தான் உதவி என்று நினைக்க வேண்டாம். முகாமின் பாதி வேலை முகாமுக்கு வெளியே நடக்கிறது. மருத்துவப் படிவங்கள் அதில் ஒன்று. யாருக்கு எது ஒவ்வாது, யார் தினமும் மருந்து சாப்பிடுகிறார்கள், யாருக்குத் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உண்டு, அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்கள் எவை என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு வாங்கி, விட்டுப்போனதை நிரப்பி, சாரண ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும். வார நாள் மாலைகளில் செய்துவிடலாம். இன்னொன்று, முதலுதவிப் பெட்டி. அதைத் திறந்து காலாவதித் தேதிகளைப் பாருங்கள். பல பெட்டிகளில் கத்தரிக்கோல் இருக்கும், அது எதையும் வெட்டாது. மூன்றாவது, நான் முதலில் சொன்ன கூடாரம். நனைந்த கூடாரத்தைச் சுருட்டிய நிலையிலேயே ஓரிரு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அந்த வாடையும் கறையும் பிறகு போகவே போகாது. மொட்டை மாடியோ முற்றமோ உள்ள ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு கூடாரங்களை வீட்டுக்கு எடுத்துப்போய், காயவைத்து, முளைகளை எண்ணிப் பையில் போட்டுத் திருப்பித் தந்தால் அவரைக் குழு மறக்காது. அப்படிப்பட்டவர்களை நான் கைகூப்பி வணங்கிக்கூட இருக்கிறேன்.

ஒருவேளை முகாமில் தங்கவும் உங்களால் முடிந்தால், மிகக் கடினமான வேலை அங்கேதான் காத்திருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். சிலர் மட்டுமே கொண்ட சிறிய அணி, அவர்களிலேயே ஓர் அணித்தலைவர் என்ற அந்த முறைதான் இன்றும் சாரணர் குழுவின் அச்சாணி. என்ன சமைப்பது, யார் தண்ணீர் எடுத்து வருவது, கூடாரத்தை எந்தப் பக்கம் பார்த்து அடிப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. பெற்றோராக வருகிறவர்களுக்கு இதுதான் பிடிபடுவதில்லை.

ஓர் அணி அடுப்பு மூட்டுகிறது என்று வையுங்கள். மணிக்கட்டுத் தடிமனுள்ள கட்டைகளை அடுக்கிவிட்டு நேரே அதில் தீக்குச்சியைக் காட்டுகிறார்கள். முதல் குச்சி காற்றில் அணைகிறது. இரண்டாவதில் கொஞ்சம் புகை. நான்காவது குச்சியில் ஒருவன் இன்னொருவனைத் திட்டுகிறான். ஆறாவதில் அணித்தலைவனின் கண் கலங்குகிறது, புகையால்தான் என்கிறான். உங்கள் கை பரபரக்கும். பொறுங்கள். சற்று நேரத்தில் அவர்களிலேயே ஒருவன் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டு, தீக்குச்சிப் பருமனுள்ள சுள்ளிகளைப் பொறுக்கப் போவான். சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமாகும், அடியும் பிடித்திருக்கும். ஒரு பருக்கை மிஞ்சாது.

ஒரு முகாமில், பொறுக்க முடியாத ஒரு தந்தை நான்கு அணிகளின் கூடாரங்களையும் தாமே கச்சிதமாக அடித்துக் கொடுத்துவிட்டார். நானும் அசதியில் பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிரவு மழை. கயிறுகள் தளர்ந்து துணி தொங்கியபோது, எந்த முளையை இழுத்துக் கட்டுவது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. நள்ளிரவில் அவரும் நானும்தான் டார்ச்சோடு சேற்றில் நின்றோம்.

குறுக்கே போக வேண்டிய இடங்களும் உண்டு, அங்கே தயங்கவே கூடாது. கத்தியை வைத்து விளையாடினால் உடனே வாங்கிவிடுங்கள். பெரியவர் துணையில்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மழையோ குளிரோ, கூடாரத்துக்குள் அடுப்பைக் கொண்டுபோகக் கூடாது. தீப்பிடிப்பது ஒருபக்கம் இருக்க, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இரவில் தீயை அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றச் சொல்லுங்கள். சாம்பலுக்கு அருகே புறங்கையைக் காட்டினால் சூடே தெரியக் கூடாது.

நீர்க்கரைத் துப்புரவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடித்த கையுறை வேண்டும். கண்ணாடிச் சில்லு, ஊசி, அடையாளம் தெரியாத புட்டி ஆகியவற்றைப் பெரியவர்கள் மட்டுமே எடுக்க வேண்டும். சேர்ந்த குப்பையை யார், எப்போது அள்ளிப்போவார்கள் என்பதை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால், மூட்டைகள் ஒரு வாரம் அங்கேயே கிடந்து மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். அந்தத் தொலைபேசி வேலையை வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். உறுதிமொழி விழாவுக்கு நாற்காலி போடவும் படம் எடுக்கவும் ஆட்கள் தாமாகவே வருவார்கள். படத்தைப் பொதுவில் போடுவதற்கு முன் அதில் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் யாராவது நினைவூட்ட வேண்டும். வெளிவேலையே ஒத்துவராது என்றால், ஆண்டுதோறும் அக்டோபரில் உலகச் சாரணர்கள் ஹாம் வானொலியிலும் (தனிநபர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) இணையத்திலும் கூடிப் பேசும் வார இறுதி ஒன்று இருக்கிறது. வானொலிச் சந்திப்பு 1958 முதல் நடக்கிறது. உங்கள் குழு அதில் சேர்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளைகள் முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் பேசும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெயர் கொடுத்ததும் உங்களைப் பற்றிய விவரங்களைக் கேட்பார்கள். அடையாளச் சான்று, பின்னணி விசாரணை, குழந்தைப் பாதுகாப்பு குறித்த சிறு பயிற்சி என்று குழுவுக்குத் தக்கபடி இருக்கும். ‘என் பிள்ளை இருக்கும் குழுவில் என்னையே சந்தேகப்படுகிறார்களா?’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். யாரையும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் குழுவைக் கண்டுதான் நீங்கள் பயப்பட வேண்டும். பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காப்பதற்கென்றே 2002இல் உலகச் சாரணர் மாநாடு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. நடைமுறையில் மூன்றை மனதில் வையுங்கள். எந்தப் பிள்ளையோடும் மற்றவர் கண்ணுக்கு மறைவாகத் தனியாக இருக்காதீர்கள். பிள்ளைகளின் கூடாரத்தில் பெரியவர்கள் தூங்கக் கூடாது. பெற்றோரின் எழுத்துபூர்வமான அனுமதியின்றித் தலைவலி மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். கை நிறைய மாத்திரை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இந்தக் கடைசி விதிதான் கஷ்டம்.

பாதியில் விட்டுவிடுவேனோ என்ற உங்கள் பயத்தை நான் மதிக்கிறேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களுக்கு அது வருவதில்லை. எல்லையை முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: ‘நடைப்பயணத்தில் கடைசி ஆளாக வருகிறேன். முகாமுக்கு முன் படிவங்களை முடித்துத் தருகிறேன். முகாம் முடிந்ததும் இரண்டு கூடாரங்களைக் காயவைத்துத் தருகிறேன். இந்த மூன்று மாதத்துக்கு இவ்வளவுதான் முடியும்.’ எந்தச் சாரண ஆசிரியரும் இதைப் படித்து முகம் கோணமாட்டார். இடையில் முடியாமல் போனால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு இத்தனை பெரியவர்கள் என்று கணக்கு இருக்கும்; கிளம்பும் நாள் காலையில் ஒருவர் குறைந்தால் பயணத்தையே ரத்து செய்ய நேரிடலாம். மூன்று மாதம் கழித்து, பிடித்திருந்தால் பயிற்சிக்குப் போகலாம். 1919இல் லண்டனை ஒட்டிய கில்வெல் பூங்காவில் தொடங்கிய, சாரண ஆசிரியர்களுக்கான ‘உட் பேட்ஜ்’ பயிற்சி, கழுத்தில் இரண்டு மரமணிகளோடு முடியும். இப்போதைக்கு அது வேண்டாம்.

மகனின் கூச்சத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெயர் கொடுப்பதற்கு முன் அவனையே கேட்டுவிடுங்கள். ‘வர வேண்டாம்’ என்றால் வருத்தப்படாமல் படிவமும் கூடாரமும் போதும் என்று இருங்கள். ‘சரி’ என்றால், அவன் இல்லாத அணியின் பக்கம் உங்களைப் போடும்படி சாரண ஆசிரியரிடம் சொல்லுங்கள். எதிரே வந்தாலும் தெரியாதவனைப்போல் கடந்து போவான், போகவிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள், தலையைக் கோதிவிடாதீர்கள். முக்கியமாக, வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை அந்த இரண்டு நாளும் மறந்துவிடுங்கள்.