சாரதிப் பயிலுனர் எழுத்துப் பரீட்சை: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் இது. ஆகையால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எழுத்துப் பரீட்சையைப் பற்றியவையே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்கும் இடத்தில், ஒருவருக்கு எழுதிய பதிலை மற்றவர்களும் தமக்குரியதாகக் கொள்ள வேண்டும்.

பரீட்சையில் எத்தனை வினாக்கள் வரும்? எத்தனைக்குச் சரியாக விடையளித்தால் சித்தி? தமிழில் எழுதலாமா?
— மாணவி, நெளுக்குளம்

40 பல்தேர்வு வினாக்கள், 1 மணித்தியாலம். 30 சரியாக இருந்தால் சித்தி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதலாம். எந்த மொழி என்பதை விண்ணப்பிக்கும்போதே சரியாகக் குறித்துவிடுங்கள். நேரம் தாராளமாகப் போதும் என்பதால், ஒவ்வொரு வினாவையும் இரண்டு தரம் வாசியுங்கள். "பின்வருவனவற்றுள் பிழையானது எது" என்று கேட்டிருக்க, சரியானதைத் தெரிவுசெய்துவிட்டு வெளியே வந்து வருந்துகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

ஐயா, எனக்குப் புத்தகம் வாசிக்க நேரமில்லை. அதிகம் வரும் வினாக்களையும் விடைகளையும் மட்டும் அனுப்பிவைக்க முடியுமா?
— மல்லாவி

முடியாது. நேரமில்லாதவர் வாகனம் செலுத்த வரவேண்டிய அவசியமும் இல்லை.

நீங்கள் கேட்பது போன்ற விடைத்தாள்கள் பயிற்சிப் பாடசாலைகளின் வாசலில் போட்டோ கொப்பியாகக் கைமாறுவதை நான் அறிவேன். அண்மையில் ஒரு பிள்ளை கொண்டுவந்து காட்டிய தாளில் வீதிக் குறியீடுகள் எல்லாமே கறுப்பு வெள்ளையில் இருந்தன. பிரதியிலிருந்து பிரதி எடுத்து எடுத்து, நீல வட்டமும் சிவப்பு வட்டமும் ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன. நீல வட்டம் இதைச் செய் என்று கட்டளையிடுகிறது. சிவப்பு வட்டம் இதைச் செய்யாதே என்று தடுக்கிறது. மஞ்சள் சாய்சதுரம் முன்னால் ஆபத்து உண்டு, கவனி என்கிறது. இந்த மூன்று வகைகளையும் நிறத்தோடும் வடிவத்தோடும் சேர்த்துப் படித்தவருக்கு, இதற்கு முன் கண்டிராத குறியீடு வந்தாலும் விடையின் பாதி தெரிந்துவிடும். சாம்பல் தாளில் படித்தவருக்கோ பரீட்சைத் தாளின் நிறமே குழப்பமாகிவிடும்.

வீதியின் நடுக்கோடும் அப்படித்தான். தொடர்கோடும் முறிகோடும் அருகருகே இருக்கும் படத்தைக் காட்டி, முந்திச் செல்லலாமா என்று கேட்பார்கள். உங்கள் பக்கத்தில் இருப்பது முறிகோடாயின், எதிரே வீதி வெறுமையாக இருக்கும்போது முந்தலாம். தொடர்கோடாயின் அதைத் தாண்டக் கூடாது. படத்தில் வாகனம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை மாற்றிக் கேட்டால், "இந்தப் படத்துக்கு இரண்டாவது விடை" என்று மனனம் செய்தவர் தவறிவிடுவார். ஆகவே, மீண்டும் சொல்கிறேன், வினாவை இரண்டு தரம் வாசியுங்கள்.

சிவப்பும் மஞ்சளும் ஒன்றாக எரிந்தால் புறப்படலாமா?
— பரந்தன்

கூடாது. ஆயத்தமாகலாம், பச்சை வந்த பின்னரே நகரலாம். பொலிஸ் உத்தியோகத்தர் சந்தியில் நின்று சைகை காட்டினால், விளக்கு எந்த நிறத்தில் இருந்தாலும் அவருடைய சைகையே மேலானது. இதுவும் அடிக்கடி வருகிற வினா.

எங்கள் ஒழுங்கையில் உள்ள புகையிரதக் கடவைக்குக் கேற் இல்லை. மணியும் விளக்கும் மட்டும் உண்டு; அவையும் சில நாட்களில் வேலை செய்வதில்லை. மணி அடிக்காவிட்டால் நேராகப் போகலாம்தானே?
— புளியங்குளம்

போகக் கூடாது. மணி அடிக்கவில்லை என்பதற்கு ரயில் வரவில்லை என்பது பொருளல்ல. கடவைக்கு முன் நிறுத்தி, இரு புறமும் பார்த்து, காதால் கேட்டு, அப்பால் உங்கள் வாகனம் முழுமையாக நிற்பதற்கு இடம் இருக்கிறது என்று உறுதிசெய்த பின்னரே கடக்க வேண்டும். வாகனத்தின் பாட்டை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பவர் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாதீர்கள். எஞ்சின் நின்றுபோனால் அந்த இடத்தில் நின்றுபோகும்.

நமது பகுதியில் இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 இல் யாழ்தேவி நின்றதிலிருந்து 2013 இல் கிளிநொச்சிக்கு ரயில் மீண்டும் வரும் வரை, இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் பாதையில் ரயிலே இல்லை. கடவையில் நின்று பார்க்க வேண்டும் என்பதை ஒரு தலைமுறை தன் பெற்றோரிடம் காணாமலே வளர்ந்தது. இப்போது புதிதாகப் போடப்பட்ட பாதையில் ரயில் முன்னைய காலத்தை விட வேகமாக வருகிறது. அதனால் பல நூறு மீற்றருக்குள்ளும் நிற்க முடியாது. ஏ9 வீதியை ஒட்டியே தண்டவாளம் செல்லும் இடங்களில், பிரதான வீதியிலிருந்து திரும்பியவுடன் கடவை வந்துவிடும் என்பதால், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

எங்கள் அப்பா இருபது வருடமாக லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறார். அனுமதிப்பத்திரம் இல்லை, ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. வயலுக்குப் போய்வரவும் அனுமதிப்பத்திரம் வேண்டுமா? பரீட்சையில் உழவு இயந்திரம் பற்றிக் கேட்பார்களா?
— விசுவமடு

வயலுக்குள் ஓட்டுவது வேறு, பொது வீதியில் ஏறுவது வேறு. வீதியில் ஏறினால் அனுமதிப்பத்திரம் வேண்டும். லாண்ட்மாஸ்டர் போன்ற இரண்டு சக்கர உழவு இயந்திரம் ஜி1 வகுப்பிலும், நான்கு சக்கர உழவு இயந்திரம் ஜி வகுப்பிலும் அடங்கும். அப்பாவுக்கு இருபது வருட அனுபவம் இருப்பதால் செயன்முறைப் பரீட்சை அவருக்குச் சிரமமாக இராது. எழுத்துப் பரீட்சைக்கு நீங்களே பக்கத்தில் இருந்து படிப்பிக்கலாம். "ஒரு பிரச்சினையும் வந்ததில்லை" என்ற வசனத்தை மாத்திரம் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விபத்து நடந்த வீடுகளிலும் அதற்கு முதல் நாள் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உழவு இயந்திரம் என்ற பேச்சு வந்துவிட்டதால், பல வருடங்களாக நான் சொல்லிவருவதை இங்கும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில், மாலை ஏழு மணிக்குப் பின் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலோ மாங்குளம் - முல்லைத்தீவு வீதியிலோ போய்ப் பாருங்கள். நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி பின்னால் விளக்கே இல்லாமல் ஊர்ந்து செல்லும். ஒரு காலத்தில் பொருத்திய சிவப்பு ரிஃப்லெக்டர் ஒன்று வயல் சேற்றுக்குள் மறைந்திருக்கும். மற்றது உடைந்து, ஆணித் துவாரம் மட்டும் மிஞ்சியிருக்கும். வைக்கோல் ஏற்றியிருந்தால், அது பெட்டியின் பின் கதவுக்கு மேலால் தொங்கி, இருந்த ஒரு விளக்கையும் மூடிவிடும். எதிரே வருகிறவருக்கு லாண்ட்மாஸ்டரின் முன் விளக்கு மங்கலாகத் தெரியும். பின்னால் வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

இப்போது பின்னால் வருகிறவரின் கணக்கைப் பாருங்கள். அவர் சட்டப்படி 70 கிலோமீற்றர் வேகத்தில்தான் வருகிறார். அந்த வேகத்தில் வாகனம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் ஓடும். எதிரே வாகனம் வருவதால் டிம் போட்டிருக்கிறார். டிம் வெளிச்சத்தில் மங்கலான நிறமுள்ள ஒரு பொருள் தெளிவாகத் தெரியும் தூரம் 40 மீற்றர் அளவுதான். கண்டு, காலைத் தூக்கி, பிரேக்கில் வைப்பதற்குள் ஒரு செக்கனும் 20 மீற்றரும் போய்விடும். மீதி 20 மீற்றருக்குள் காய்ந்த வீதியில்கூட அந்த வாகனம் நிற்காது. இன்னும் 10 மீற்றராவது வேண்டும். அவர் களைத்திருந்தால், மழை பெய்திருந்தால், டயர் தேய்ந்திருந்தால் அதைவிடக் கூட வேண்டும். அவர் விதியை மீறவில்லை, குடிக்கவில்லை, தூங்கவில்லை, ஆயினும் மோதுகிறார். லாண்ட்மாஸ்டரில் கைப்பிடியைப் பிடித்து இருப்பவருக்கும், மூட்டைக்கு மேல் இருந்து வருகிற கூலியாட்களுக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பெட்டியின் பின் கதவில், இரண்டு ஓரங்களிலும் எவ்வளவு விலக்கி வைக்க முடியுமோ அவ்வளவு விலக்கி, இரண்டு சிவப்பு ரிஃப்லெக்டர்களைப் பொருத்துங்கள். நடுவில் ஒன்று மட்டும் வைத்தால் பின்னால் வருகிறவர் அதை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து விலகுவார், பெட்டியின் ஓரம் அவரைப் பிடித்துவிடும். பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். வயலிலிருந்து வீதியில் ஏறுவதற்கு முன் ஒரு சாக்கினால் சேற்றைத் துடையுங்கள். வைக்கோல் தொங்கி விளக்கை மறைக்காதபடி கட்டுங்கள். இதை உங்கள் அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். அனுமதிப்பத்திரம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

வீதியில் நெல் காயவைப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள். ஓரத்துக்கு வைத்த கற்களைப் படங்கோடு சேர்த்து மாலையில் எடுத்துவிடுங்கள். நெல் வீட்டுக்குப் போய்விடுகிறது, கற்கள் இருட்டில் கிடக்கின்றன.

பரீட்சையைப் பொறுத்தவரை, உழவு இயந்திரம் என்று பெயர் சொல்லிக் கேட்காவிட்டாலும், இரவில் எந்த வேகத்தில் செலுத்த வேண்டும் என்று கேட்டால், விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகம் என்பதே விடை.

நகரத்துக்குள் 50, வெளியே 70 என்கிறார்கள். நகரம் எங்கே தொடங்குகிறது? ஓட்டோவுக்கும் 70 தானா?
— செட்டிகுளம்

முச்சக்கரவண்டிக்கு 40. மோட்டார் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நீங்கள் குறிப்பிட்ட 50 உம் 70 உம் பொருந்தும். அதிவேக நெடுஞ்சாலையில் காருக்கு 100. வேகப் பலகை இருக்கும் இடத்தில் பலகை சொல்வதே சட்டம். பலகை இல்லாத இடத்தில் கடைகளும் வீடுகளும் பாடசாலையும் அடுத்தடுத்து வரத் தொடங்கினால் 50க்கு இறங்கிவிடுங்கள். 70 என்பது உச்ச எல்லை. அந்த வேகத்தில்தான் போக வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

மன்னார்ப் பாலத்தடியில் முன்னால் ஒரு லொறி மெதுவாகப் போனால் இடது பக்கத்தால் முந்தலாமா? இடம் இருக்கிறதே.
— மன்னார்

பாலத்தில் எந்தப் பக்கத்தாலும் முந்தாதீர்கள். மற்ற இடங்களில் வலப்பக்கத்தால் மட்டுமே முந்தலாம். முன்னால் செல்பவர் வலப்பக்கம் திரும்பச் சமிக்ஞை காட்டி நடுவுக்கு வந்திருந்தால் மட்டும் இடப்பக்கத்தால் கடக்கலாம். "இடம் இருக்கிறதே" என்பது முந்துவதற்கு நியாயமாகாது, தம்பி.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எங்கள் வீட்டார் ஏ9 ஆல் போகமாட்டார்கள். நான் பயிலுனர். அங்கே வாகனத்தை எப்படி நிறுத்துவது?
— கனகராயன்குளம்

நல்ல கேள்வி, எழுத்துப் பரீட்சையில் வரும் தரித்தல் விதிகள் அனைத்தும் அந்த ஓரிடத்தில் தேவைப்படுகின்றன. கோயில் தெரிந்தவுடன் பிரேக் பிடிக்காதீர்கள்; முன்கூட்டியே கண்ணாடியைப் பார்த்து, இடப்பக்கச் சமிக்ஞை போட்டு, படிப்படியாக வேகத்தைக் குறைத்து, தார் வீதியை விட்டு முழுமையாக இறங்கி நிறுத்துங்கள். கடவைக்கு அருகிலும், மற்றவர் வெளியேறும் வழியை மறித்தும் நிறுத்தக் கூடாது. வலப்பக்கக் கதவைத் திறப்பதற்கு முன் பின்னால் பாருங்கள். தேங்காய் உடைக்கவும் கச்சான் வாங்கவும் சிறுவர்கள் முதலில் குதித்து ஓடுவார்கள் என்பதால், வீதிப் பக்கம் இருக்கும் பிள்ளையைப் பெரியவர் ஒருவர் கையில் பிடித்த பின்னரே இறக்குங்கள். நிறுத்துவதற்கு இடமில்லை என்றால் நடுவீதியில் காத்திராமல் முன்னே சென்று, இடம் கண்ட இடத்தில் நிறுத்தி, நடந்து வாருங்கள். பின்னோக்கி எடுக்க வேண்டி வந்தால் ஒருவரை இறக்கிப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

மாரி காலத்தில் மாடுகள் தார் வீதியில் படுத்துக் கிடக்கின்றன. யாருக்கு முன்னுரிமை?
— நெடுங்கேணி

முன்னுரிமையைப் பற்றி மாட்டுக்குத் தெரியாது. ஆகவே நிறுத்த வேண்டியவர் நீங்கள். ஹோர்ன் அடித்தால் அது எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்ல முடியாது. மெதுவாக நெருங்கி, தேவையானால் நிறுத்தி, அதன் பின்பக்கத்தால் கடவுங்கள். ஒரு மாடு கடந்தால் அடுத்தது பற்றைக்குள் நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். எருமைக்கு இரவில் உடல் தெரியாது, கண் மட்டுமே மின்னும். தலையைத் திருப்பியிருந்தால் அதுவும் இல்லை. விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகம் என்று மேலே எழுதியது இதற்கும் பொருந்தும்.

எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். இனித் தனியாக ஓடலாமா? செயன்முறைப் பரீட்சை எப்போது?
— ஓமந்தை

தனியாக ஓடக் கூடாது. உங்கள் கையில் இருப்பது பயிலுனர் அனுமதிப்பத்திரம். முன்னும் பின்னும் எல் போட் வைத்து, அனுமதிபெற்ற பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே காரைச் செலுத்தலாம். பத்திரம் 18 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். எழுத்துப் பரீட்சைக்குப் பின் 3 மாதங்கள் கழிந்ததும் செயன்முறைப் பரீட்சைக்குத் தோற்றலாம். அந்த 3 மாதங்களில் வவுனியா நகரச் சந்திகளிலும், மழையிலும், இருட்டிய பின்னரும் பயிற்றுநரோடு ஓடிப் பழகுங்கள். பரீட்சை நடக்கும் வீதியில் மட்டும் சுற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

நீங்கள் எந்த வகுப்புக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதை எழுதவில்லை. காருக்கான பி வகுப்பு எடுத்தவர் அதை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் செலுத்த முடியாது. அதற்கு ஏ வகுப்பும் வேண்டும். விண்ணப்பத்தின் பிரதியை எடுத்துச் சரிபாருங்கள். மீண்டும் எழுதுவதாயின், வாகன வகுப்பையும் பயிலுனர் அனுமதிப்பத்திரத்தில் உள்ள திகதியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அவை இல்லாத கடிதத்துக்கு என்னால் சரியான பதில் தர இயலாது.