மென்பொருளின் அடித்தளத்தில் கைவைக்கும் முன்: கேள்வி–பதில்

எங்கள் திறமூலத் திட்டத்தின் நிரல் ஒட்டுப்போட்டே வளர்ந்தது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினால் என்ன?

ஆசை நியாயமானதுதான். ஆனால் புதியது எழுதி முடியும்வரை பழையதையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே, அதற்கு ஆள் இருக்கிறதா? இணைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் 1998-இல் பழைய நிரலைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. நான்காம் பதிப்புக்கு அடுத்து ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது. ஐந்து வரவே இல்லை. அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சந்தையைக் கைப்பற்றிவிட்டது.

உங்களுக்கு எரிச்சலூட்டும் அந்த 'இஃப்' ('இப்படியானால் இதைச் செய்' என்னும்) வரிகளில் பல, எப்போதோ யாரோ புகார் செய்த பிழைக்காக வந்தவை. முதலில் அவற்றுக்குச் சோதனைகள் எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது, மாற்ற வேண்டிய பகுதி நினைத்ததைவிடச் சிறியது என்று பெரும்பாலும் தெரியவரும்.

மாற்றம் பெரியது என்பதால் தனிக் கிளையில் வேலை செய்கிறோம். மாதக்கணக்காகியும் மெயினில், அதாவது திட்டத்தின் முதன்மைக் கிளையில், சேர்க்க முடியவில்லை.

இனியும் முடியாது. நீங்கள் ஓடும் வேகத்துக்கு மெயினும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 'பிக் கெர்னல் லாக்' என்றொரு பூட்டு இருந்தது. பல ப்ராசசர்கள் கொண்ட கணினிகளுக்காக 1996-இல், 2.0 பதிப்பில் வந்தது. தொடக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு ப்ராசசரை மட்டுமே கெர்னலுக்குள் விட்டது. அதை ஒரே வெட்டில் எடுத்துவிடவில்லை. பொதுவான இடங்களிலிருந்து பூட்டை ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் (ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்) தள்ளினார்கள். பிறகு டிரைவர் டிரைவராக, அந்தப் பூட்டு அங்கே உண்மையில் எதைக் காக்கிறது என்று பார்த்து, அதற்கென ஒரு சிறு பூட்டைக் கொடுத்தார்கள். கடைசி எச்சம் 2011-இல், 2.6.39 பதிப்பில் நீங்கியது. இத்தனை ஆண்டுகளில் கெர்னல் வெளியீடு இதற்காக நிற்கவில்லை.

உங்கள் முதல் பேட்ச் (நிரல் மாற்றத் தொகுப்பு) மென்பொருளின் செயல்பாட்டில் எதையும் மாற்றக் கூடாது. பழைய பகுதிக்கு முன்னால் ஓர் இடைமுகத்தை மட்டும் வைத்து, அதை மெயினில் சேருங்கள். அதன் பின்னால் புதிய பகுதியை அணைத்துவைத்த நிலையில் சேருங்கள். பிறகு விருப்பமுள்ளவர்கள் இயக்கிப் பார்க்கட்டும். தேறினால் அதுவே இயல்புநிலை ஆகட்டும். பழையதை நீக்கும் பேட்ச் ஒன்று பாக்கியிருக்கும். அதைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

வடிவமைப்பு முன்மொழிவை வைத்தோம். விவாதம் முடிவதாக இல்லை.

முடிவெடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள் என்பதை முன்மொழிவின் தலையிலேயே எழுதுங்கள். ரஸ்ட் நிரல்மொழியின் ஆர்எஃப்சி (முன்மொழிவை வைத்துக் கருத்துக் கேட்கும்) முறையில் இறுதிக் கருத்துக்கென்றே பத்து நாள் ஒதுக்குகிறார்கள். நிராகரித்த மாற்று வழிகளையும் காரணத்தோடு சேருங்கள். இல்லையென்றால் மாதம் ஒருவர் வந்து அதே யோசனையைப் புதிதாகச் சொல்வார்.

வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர் பாதியில் விலகிவிட்டால்?

விலகுவார் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள், சம்பளமில்லாத வேலைதானே. எந்தக் கட்டத்தில் நின்றாலும் அன்றைக்கு ஒரு பதிப்பை வெளியிட முடிய வேண்டும்.

எங்கள் மென்பொருளை நம்பி நிறைய பிளக்இன்கள் (பிறர் எழுதிய துணை நிரல்கள்) உள்ளன. அவை எங்கள் மென்பொருளோடு பேசும் இடைமுகமான பழைய ஏபிஐ-யை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

காலத்தைவிட முக்கியமானது, ஒரே நிரல் பழையதிலும் புதியதிலும் ஓட வழி இருக்கிறதா என்பது. 2008 டிசம்பரில் வந்த பைதான் நிரல்மொழியின் 3.0 பதிப்பு இதில்தான் சறுக்கியது. பைதான் 2-இல் யூனிகோடு சரத்துக்கு (எந்த மொழியின் எழுத்தையும் கொள்ளும் உரைத் துண்டு) முன்னால் 'யு' என்ற எழுத்தைப் போடுவார்கள். 3.0 அதை இலக்கணப் பிழை என்றது. ஒரு எழுத்துதான், ஆனால் இரண்டு பக்கமும் பயனர்களை வைத்திருந்த நிரல் நூலக ஆசிரியர்கள் அதனால் திண்டாடினார்கள். 2012-இல் பைதான் 3.3 அந்த 'யு'வைத் திரும்ப அனுமதித்தது. இரண்டிலும் ஓடும் நிரலை எழுதுவது அதன் பிறகு எளிதாயிற்று. 2.7-க்கான ஆதரவை 2015-இல் முடிப்பதாக இருந்து, 2020 வரை நீட்டினார்கள்.

ஆகவே புதிய ஏபிஐ-யைப் பழைய பதிப்பிலேயே கொடுத்துவிடுங்கள். அதிகம் பயன்படும் சில பிளக்இன்களை நீங்களே மாற்றிப் பாருங்கள். உங்களுக்கே அது சிரமமாக இருந்தால் பழைய ஏபிஐ-யை நீக்கும் தேதியைப் பற்றி இப்போது பேசாதீர்கள்.

இவ்வளவு உழைத்திருக்கிறோம், 2.0 என்று அறிவிக்கலாமா?

பயனரின் நிரல் உடையும் என்றால் அறிவியுங்கள். உள்ளே மட்டும் மாறியிருந்தால் 1.9-க்குப் பிறகு 1.10 போதும். 2.0 என்று சொன்னால் ஆளாளுக்குத் தங்கள் நெடுநாள் ஆசைகளை அதில் ஏற்றுவார்கள். வெளியீடு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.