மணியில் இருக்கும் பெயர்

அன்புள்ள ஐயா,

என் மகன் எட்டாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்கு 'தமிழரின் கடல் வாணிபம்' தலைப்பு. நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணியை வைத்து, அந்நாட்டைச் சோழர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று எழுதித் தந்திருக்கிறேன். ஆமைகளைப் பின்தொடர்ந்து தமிழர்கள் கப்பல் ஓட்டியதாகச் சொல்கிறார்களே, அதையும் சேர்க்கலாமா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரி,

ஆமையை விடுங்கள். அந்த மணிதான் கொஞ்ச நாளாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி 1836 வாக்கில் நியூசிலாந்தின் வாங்கரெய் பக்கம் அதைப் பார்த்தபோது, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். விளிம்பு உடைந்த வெண்கல மணி, ஒரு சாண் உயரம்கூட இல்லை. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுப்பு மூட்டிக் குடியிருந்தவர்களின் நாட்டை நாம் 'கண்டுபிடித்தோம்' என்று பிள்ளை மேடையேறிச் சொல்லலாமா? நம் நாட்டைக் கண்டுபிடித்ததாக வெள்ளைக்காரன் சொன்னபோது கோபப்பட்டோமே! அதோடு, மணி போய்ச் சேர்ந்ததாலேயே நம் கப்பலும் போனதாகிவிடாது. எத்தனை கை மாறியதோ.

சரி, அதுகூடப் போகட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி'. முகைதீன் பக்ஸ் என்ற பெயர், தமிழ் எழுத்தில். அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சோழன் என்று எழுத மனம் வந்தது? மணிக்குச் சொல்லப்படும் வயது அதிகம் போனால் ஐந்நூறு ஆண்டு. சோழர் ஆட்சி 1279-லேயே முடிந்துவிட்டது.

கீழக்கரையில் என் நண்பன் வீட்டுத் திண்ணையில் அவன் வாப்பா ஒருமுறை கேட்டார்: "எங்க ஆளுங்க கப்பல் ஓட்டுனத உங்க பள்ளிக்கூடப் புஸ்தகத்துல போட்டிருக்கா தம்பி?" போடவில்லை. நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம் என்று நம் கரை நெடுக மரைக்காயர்கள், அதாவது கடல் வாணிபம் செய்த தமிழ் முஸ்லிம்கள், கப்பல் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் கடலை வளைத்துக்கொண்ட காலத்திலும் அவர்கள் சரக்கு சுமத்ராவின் அச்சே, மலாயாவின் கெடா, பினாங்கு என்று போனது. சிங்கப்பூரில் 1830 வாக்கிலேயே நாகூர் தர்கா எழுப்பிவிட்டார்கள். இவர்களை விட்டுவிட்டுத் தமிழன் கடல் வாணிபம் என்று என்ன பேசுவது? இருக்கிற ஒரு மணியிலும் அவர்கள் பெயரை அழித்தால் அது வரலாறு இல்லை, அபகரிப்பு.

பேச்சில் ராஜேந்திர சோழன் தாராளமாக இருக்கட்டும். 1025-இல் கடாரத்தின் மேல் போனதற்கு அவன் மெய்க்கீர்த்தியே சாட்சி. மணியை மட்டும் அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

போட்டி என்றைக்கு என்று எழுதவில்லையே அம்மா. நாள் இருந்தால் திருத்திய பேச்சை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். பிள்ளைக்கு என் அன்பு.