கூலிங் டவர் மரத்த அடுப்புல போடாதீங்க ப்ரோ

ப்ரோ, திருவொற்றியூர் மாடில கீரைத் தொட்டி செய்ய பழைய மரக்கடைல பச்சையா இருக்கற கூலிங் டவர் (ஃபேக்டரில சுடுதண்ணிய ஆற வைக்கற டவர்) மரம் சீப்பா வாங்கிருக்கேன், மிச்சத் துண்ட வெந்நீர் அடுப்புல போடலாமானு கேட்டீங்கல்ல, முதல்ல அந்த அடுப்பு விஷயம், தயவுசெஞ்சு போடாதீங்க. அந்தப் பச்சை நிறம் பெயிண்டால வந்தது இல்ல, பெரும்பாலும் சிசிஏ, அதாவது மரம் உளுக்காம இருக்க காப்பர், குரோமியம், ஆர்சனிக் சேர்த்து செய்ற மருந்து, பிரஷர்ல உள்ள ஏத்திருப்பாங்க. எரிச்சா ஆர்சனிக் புகைலயும் போகும் சாம்பல்லயும் தங்கும், அந்தச் சாம்பலத்தான் நம்ம வீட்ல பாத்திரம் தேய்க்கவும் செடிக்குப் போடவும் எடுப்பாங்க, அதான் எனக்கு பயமே.

கீரைத் தொட்டிக்கும் வேணாம், அந்த மருந்து மண்ணுல கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அமெரிக்காவுலயே 2003 கடைசியோட பெரும்பாலான வீட்டு உபயோகத்துக்கு இத நிறுத்திட்டாங்க. பசங்க கை படாத இடத்துல ஷெட்டுக்கு கட்டையா வேணா வைங்க.

அறுக்கறதா இருந்தா வெளில வச்சு, என்95 மாஸ்க், கண்ணாடி, கிளவுஸ் எல்லாம் போட்டு, கீழ தார்ப்பாய் விரிச்சு தூள அப்படியே சுருட்டி எடுத்துடுங்க, அன்னைக்குப் போட்ட துணிய தனியா தொவைங்க. ஸ்க்ரூ எஸ்எஸ் 316 (துரு அவ்ளோ சீக்கிரம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்)தான், நம்ம கடல் காத்து ஒரு பக்கம், மரத்துல இருக்கற காப்பர் ஒரு பக்கம், சாதா ஆணி தாங்காது.

தொட்டிக்கு பெயிண்ட் படாத பழைய தேக்குச் சட்டம் தேடுங்க. போரிக் (பூச்சி அரிக்காம இருக்க அடிக்கற இன்னொரு மருந்து) அடிச்ச மரம் மாடிக்கு ஆகாது, மழைல மருந்து கரைஞ்சுடும்.