யார் விரலில் சோதித்தார்கள்?

கேள்வி: அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். கல்லூரியில் சமூகவியல் படிக்கும் என் பேரன், “அறிவியல் அறிவும் சமூகம் உருவாக்கியதுதான் பாட்டி” என்கிறான். அதைக் கேட்ட என் தம்பி, “பார்த்தாயா அக்கா, தடுப்பூசியெல்லாம் ஏமாற்று என்று நான் சொன்னது சரிதானே!” என்று பிடித்துக்கொண்டான். இவர்களுக்கு நான் என்ன சொல்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்காசி

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் பேரன் சொல்வதில் பெரும்பகுதி சரி. அதிலிருந்து உங்கள் தம்பி எடுத்த முடிவு தவறு. கொரோனா காலத்தில் இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று அறிய வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை வைத்தே இருவருக்கும் பதில் சொல்லலாம்.

அந்தக் கருவிக்குள் இரண்டு ஒளிகள் உண்டு: ஒன்று சிவப்பு, மற்றொன்று அகச்சிவப்பு. ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இவற்றை ஒரு விதமாகவும், சுமக்காதது வேறு விதமாகவும் உறிஞ்சுகிறது. விரலைத் தாண்டி வரும் ஒளியின் விகிதத்தைக் கருவி அளக்கிறது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டறிந்த வழி இது. இந்த இயற்பியல் அமெரிக்காவிலும் தென்காசியிலும் ஒன்றுதான்.

அந்த விகிதத்தை ‘96’ என்ற எண்ணாக மாற்றுவது எப்படி? நலமாக உள்ள தன்னார்வலர்களை அழைத்து, ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைப்பார்கள். அதே நேரத்தில் தமனியிலிருந்து இரத்தம் எடுத்து, அதில் உண்மையாக எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்த விகிதம் வந்தால் இந்த எண் என்று ஓர் அட்டவணை உருவாகும். நம் விரலில் மாட்டும் கருவி அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் எண் சொல்கிறது.

அப்படி இரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத் தோல் கொண்டவர்கள். கருமையான தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம். அதுவும் ஒளியை உறிஞ்சும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கூடச் சோதனையில் கருந்தோல் கொண்டவர்கள் குறைந்தது இருவர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம் பேர், இவற்றில் எது அதிகமோ அத்தனை பேர் இருந்தால் போதும் என்றுதான் சொன்னது. யாரும் சதி செய்யவில்லை, யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு எளிதில் வந்தவர்களின் உடலே எல்லோருடைய உடலுக்கும் அளவுகோலாகிவிட்டது. மருந்துச் சோதனைகளிலும் இது நடந்திருக்கிறது: கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்கக் கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-இல் இதே நிர்வாகம் சொன்னது, 1993-இல்தான் அதை மாற்றிக்கொண்டது.

என்னைக் கோபப்படுத்துவது அடுத்து நடந்ததுதான். கருப்பின நோயாளிகளிடம் இக்கருவி அதிகம் பிழை செய்கிறது என்று 1990-லேயே ஓர் ஆய்வு எச்சரித்தது. முப்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2020-இல் ஏமி மோரன்-தாமஸ் இந்தக் கேள்வியைப் பொதுவெளியில் மீண்டும் எழுப்பினார். அவர் மருத்துவர் அல்லர், மானுடவியலாளர். அவர் எழுதியதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, தமனி இரத்தத்தில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்த தருணங்கள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கருப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். ‘பரவாயில்லை’ என்று கருவி சொன்ன நேரத்தில் மூச்சுக்குத் தவித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்த ஆண்டு அமெரிக்காவில் இனவெறிக்கு எதிரான போராட்டங்கள் வீதிக்கு வந்திருக்காவிட்டால் இந்த எண்களுக்கு இவ்வளவு கவனம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. உங்கள் பேரன் சொல்லும் சமூகம் இங்கே இருமுறை வேலை செய்திருக்கிறது: பிழை நுழைந்தபோது ஒருமுறை, அதைத் தேடிப் போனபோது ஒருமுறை.

இனி உங்கள் தம்பிக்கு. பிழை இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? கருவி காட்டிய எண்ணையும் இரத்தப் பரிசோதனை காட்டிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில் சமூகத்துக்குப் பங்கு உண்டு. இரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனை எந்தச் சமூகமும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தடுப்பூசி ஏமாற்று என்றால் அவரும் இப்படி ஓர் அளவீட்டைக் கொண்டு வரட்டும். ‘விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே’ என்பது அளவீடு ஆகாது. பேரனிடமும் ஒன்று சொல்லுங்கள்: ‘சமூகம் உருவாக்கியது’ என்று நிறுத்திவிடாமல் எந்த இடத்தில், யாரால், எப்படி என்று விரித்துச் சொல்லப் பழகட்டும். பாதியில் விட்டால் மீதியை உங்கள் தம்பி போன்றவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

2025 ஜனவரியில் அதே நிர்வாகம் புதிய வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. பலதரப்பட்ட தோல் நிறங்கள் கொண்ட, முன்னைவிட மிக அதிகமானவர்களிடம் கருவியைச் சோதிக்க வேண்டும் என்கிறது அது. நம் அலமாரிகளில் இருப்பவையோ பெரும்பாலும் பழைய கருவிகள். அதனால் வீட்டில் யாருக்காவது மூச்சுத்திணறல் இருந்தால், எண் 95 என்று காட்டினாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.