ஈஸ்டர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? – கேள்வி பதில்

கேள்வி (கொட்டாஞ்சேனை): ஐயா, ஈஸ்டர் என்பது பாபிலோனியப் பெண் தெய்வமான இஷ்டாரின் பெயர்தான் என்று ஒவ்வொரு வருடமும் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. அது உண்மையா?

பதில்: இல்லை. ஓசை ஒத்திருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. இக்கருத்தைப் பரவச் செய்தவர் 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தில் வாழ்ந்த போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லொப். இஷ்டார் வழிபாடு நிலவிய நாடுகளுக்கு அண்மையில், அரமேயமும் கிரேக்கமும் பேசி வாழ்ந்த ஆதிக் கிறிஸ்தவர்கள், இவ்விழாவைப் பாஸ்கா என்றே அழைத்தார்கள்.

கேள்வி (வத்தளை): பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர் ‘பாஸ்கு’ என்கிறார்கள், நாங்கள் ‘உயிர்த்த ஞாயிறு’ என்கிறோம். எது பழையது?

பதில்: அவர்களுடைய சொல்லின் வேர்தான் பழையது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான இரவை நினைவுகூரும் எபிரேயப் ‘பெசாக்’ விழாவின் பெயர், அரமேயத்தில் பாஸ்காவாகி, போர்த்துக்கேயர் வாயில் ‘பாஸ்கோவா’ ஆகி, அவர்களோடு நம் கரையில் இறங்கியது. நாமும் அதைக் கைவிடவில்லை. பெரிய சனி இரவில் கோவில் முற்றத்தில் மூட்டிய நெருப்பிலிருந்து குருவானவர் ஏற்றும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள் பொறித்த பெரிய மெழுகுதிரியைப் ‘பாஸ்காத் திரி’ என்றுதானே சொல்கிறோம்?

கேள்வி (வெள்ளவத்தை): அப்படியானால் ஆங்கிலேயருக்கு மட்டும் ஏன் வேறு பெயர்?

பதில்: ஜேர்மானியருக்கும் அப்படித்தான்; அவர்கள் ‘ஓஸ்டர்ன்’ என்கிறார்கள். இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட், 725இல் எழுதிய கால அளவை நூலில், ஏறத்தாழ நம் ஏப்ரலுக்கு இணையான மாதத்தை மக்கள் ‘ஏயோஸ்டுர் மாதம்’ என்றழைத்ததாகவும், அது ஏயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயரென்றும் குறிப்பிடுகிறார். அத்தேவதையை அப்பெயரால் குறிப்பிடும் பழைய சான்று அந்த ஓரிடம் மட்டுமே என்பதால், பீட் ஊகித்தாரோ என்று ஐயுற்றவர்கள் உண்டு. ஆனால் 1958இல் ஜேர்மனியின் மோர்கன்-ஹார்ஃப் என்னும் இடத்தில், ஏயோஸ்ட்ரே என்பதை ஒத்த பெயருடைய ‘அவுஸ்ட்ரியஹேனே’ என்ற அன்னைத் தெய்வங்களுக்கு நேர்ந்தளிக்கப்பட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உரோமர்காலக் கல்வெட்டுகள் கிடைத்தபின், அவர் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதே என் எண்ணம். எவ்வாறாயினும், விழாவுக்கு நேரே பெயர் தந்தது மாதம்தான். ஆடி பிறக்கும் நாளை நாம் ஆடிப்பிறப்பு என்பதைப் போன்றதே இது.

ஈஸ்டர் என்ற சொல்லின் அடிவேர் விடியலைக் குறிப்பது. வடமொழி ‘உஷஸ்’ அதே வேரில் கிளைத்த சொல். ஆகவே கொழும்புக் கோவில்களில் அதிகாலை நடக்கும் உஷக்காலப் பூசையின் பெயரும் ஆங்கிலேயரின் ஈஸ்டரும் தூரத்து உறவுக்காரர்கள். இதை முதன்முதலாக அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. அதற்கு மேல், ‘ஞாயிறு’ கதிரவனையும் குறிக்கும் என்பதால், ‘உயிர்த்த ஞாயிறு’ என்கையில் தமிழிலும் ஒரு விடியல் தானாகவே வந்து அமர்ந்துகொள்கிறது.

கேள்வி (தெஹிவளை): ஈஸ்டர் முயல் அந்த ஏயோஸ்ட்ரே தேவதையின் வாகனமா?

பதில்: பீட் முயலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. முட்டையைப் பற்றியும் இல்லை.

கேள்வி (மட்டக்குளி): இவ்விழாவின் பெயர்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: ஹங்கேரியர் வைத்த பெயர். அவர்கள் ‘ஹூஷ்வேட்’ என்கிறார்கள். ‘இறைச்சி எடுத்தல்’ என்று பொருள். நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் இறைச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து சட்டியை அடுப்பில் ஏற்றும் எந்த வீட்டாருக்கும் அப்பெயரை விளக்கத் தேவையில்லை.