வாசகர் கேள்வி – பதில்: சுருளைச் சுமந்து ஆடும் திருநாள்

கேள்வி: சென்னையின் பவளக்காரத் தெருவில் முற்காலத்தில் யூத வணிகர்கள் வாழ்ந்ததாகப் படித்தேன். யூதர்கள் ஒரு திருநாளில் வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்களாமே, அது என்ன?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும் சிம்ஹத் தோரா. தோரா எனப்படும் ஐந்து வேத நூல்களை வாரந்தோறும் பகுதி பகுதியாக ஓராண்டு வாசித்துவரும் யூதர்கள், அன்று தீர்க்கதரிசி மோசேயின் மரணத்தைச் சொல்லும் இறுதிப் பகுதியை முடித்த கையோடு, உலகப் படைப்பைச் சொல்லும் முதல் அதிகாரத்தையும் தொடங்கிவிடுகிறார்கள். வாசிப்பு ஒருநாளும் அறுந்துபோகக் கூடாது என்பதே இதன் உட்கிடை. தோலில் கையால் எழுதப்பட்ட சுருள்களைப் பேழையிலிருந்து எடுத்து, மார்போடு அணைத்தபடி ஜெபாலயத்துக்குள் ஏழு முறை வலம்வந்து பாடி ஆடுவார்கள்.

என்னை மிகவும் நெகிழவைப்பது, அன்று எவரும் வெறும் பார்வையாளராக நிற்பதில்லை என்பதுதான். சுருள் கைமாறிக்கொண்டே இருக்கும். மற்ற நாட்களில் வாசிப்புக்கு அழைக்கப்படாத சிறுவர்களையும் அன்று அழைத்து, அவர்கள் தலைக்கு மேல் பெரிய ஜெபச் சால்வையை விரித்துப் பிடித்து ஆசி கூறுவார்கள்.

பொது வாசிப்புக்குக் குறைந்தது பத்துப் பேர் கூடவேண்டும் என்பது விதி. மரபான சபைகளில் ஆண்களை மட்டுமே எண்ணுவர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி (அயல்நாட்டார்) ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. ஆனால், அங்கு வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், உள்ளூரிலிருந்தே அந்தப் பத்துப் பேரைத் திரட்டுவது இயலாததாகிவிட்டது.